நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

எண்பதுகளின் கடைசியில் என் மாமனார் இறந்தபிறகு, அவருடைய பழைய ஃபோர்டு கார் எங்கள் அம்பத்தூர் வீட்டுக்கு வந்தது. கம்பிச் சக்கரங்கள் ஆட்டம் கண்டிருந்தன. அந்த அளவில் டயரும் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான பாடியில், மெக்கானிக் தாஸின் பட்டறையில் விட்டேன். பிற்கால ஃபோர்டு ஒன்றின் பின் ஆக்சிலையும் சக்கரங்களையும் அவர் பொருத்தினார். என் மனைவி கமலா எதுவும் சொல்லவில்லை. அப்பா போனதிலிருந்தே அவள் அதிகம் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டி எடுக்கும் அன்று, முன் சக்கரங்களுக்கு எதிரே அவள்தான் எலுமிச்சம்பழம் வைத்தாள். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி சர்ரென்று பின்னால் போய், பட்டறையின் தகரக் கதவில் மோதி நின்றது.

தாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், ஆக்சிலுக்குள்ள இருக்கிற கிரவுன் பல்சக்கரத்த பக்கம் மாத்திப் போட்டுட்டேன். அதான் பின்னால போய்கினு கீது!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நசுங்காத பழங்களைப் பார்த்துக் கமலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்கு இஷ்டமில்லங்க. அதான் வரமாட்டேன்னு பின்னால போறாரு."

சிரிப்பு அப்படியே அழுகையானது.

"உனக்கு இஷ்டமா?" என்றேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"ஞாயித்துக்கிழமையானா அப்பாவும் நானும் அந்தக் கம்பிச் சக்கரத்தைத் துடைப்போம். ஒரு கம்பி அவருக்கு, ஒரு கம்பி எனக்கு."

தாஸ் கிரவுனைச் சரியான பக்கம் மாற்றித் தந்தார். புதுச் சக்கரங்களில் வண்டி நன்றாகவே ஓடியது. பழைய சக்கரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைக்கிறோம். ஒரு கம்பி அவளுக்கு, ஒரு கம்பி எனக்கு.