வீரம்மாவின் முகம்

விமலாவின் கைப்பையிலிருந்து அந்த கிளினிக் அட்டை விழுந்தபோது முதலில் சிரித்தவள் நான்தான். சிரித்ததோடு விட்டேனா? கேண்டீனில் நாலு பேர் காதில் விழும்படி, "நாப்பத்தொம்பது வயசுல மாப்பிள்ளை பார்த்துட்டியாடி? யாரு, நம்ம லோரி டிரைவரா?" என்று கேட்டேன். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி மருந்து, அதோடு முகம் பூராவும் பொடிப் பொடியாக ஊசி குத்தித் தோலைப் புதுசாக்குவது, இரண்டும் சேர்த்துச் செய்தால் பத்து வயது குறையும் என்று அட்டையில் பளபளவென்று போட்டிருந்தது. விமலா குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுக்கிறவள் அவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ஈப்போவில் ஒரு கையுறை பேக்டரியில் பதினாறு வருடமாக நாங்கள் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கசியும். கசிந்தால் தள்ளிவிட வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். "அந்தக் கண்ணை பேக்டரியிலயே வெச்சிட்டு வா எல்ஸி" என்று என் வீட்டுக்காரர் கென்னத் சொல்லாத நாள் கிடையாது. கண் மட்டுமில்லை, வாயும் அப்படித்தான்.

விமலா சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா நல்லம்மாள் பால் மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தை எண்ணெய்க்கான செம்பனைக்கு மாற்றியபோது குடியிருந்த லயத்தைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்தார்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். விமலா கல்யாணம் கட்டினாள், நாலே வருடத்தில் அவன் வேறொருத்தியோடு போனான், பிள்ளை இல்லை. புந்தோங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் அம்மாவும் மகளும் மட்டும். அம்மாவுக்கு மறதி நோய் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தூரத்துக்கு முற்றிவிட்டது என்று தெரியாது.

கேண்டீனில் நான் சிரித்த அன்று சாயங்காலம் என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். கீழ்வீட்டு பாப்பா அக்கா, பகலில் நல்லம்மாளைப் பார்த்துக்கொள்கிறவர், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நல்லம்மாள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார். விமலா உள்ளே வந்தாள். அவ்வளவுதான். கிழவி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரமாக ஒண்டினார்.

"நான் திருடித் திங்கல அத்தே. அவுங்கதான் குடுத்தாங்க. நான் கேக்கல அத்தே."

விமலா அப்படியே பின்னால் நடந்து வாசலுக்கு வெளியே போய் நின்றாள்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துப் பாப்பா அக்கா என் கையில் கொடுத்தார். விமலாவின் அப்பாவைப் பெற்றவள், வீரம்மா. புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடு, கீழ்நோக்கி இறங்கிய உதடு, தொங்கிய தாடை. மருமகளின் சோற்றுத் தட்டைப் பிடுங்கி நாய்க்கு வைத்தவள். அடுப்பூதும் குழாயைக் காய்ச்சி முழங்கையில் இழுத்தவள், அந்தத் தழும்பு நல்லம்மாள் கையில் இன்றைக்கும் இருக்கிறது. நான் படத்தைப் பார்த்தேன், வாசலில் நின்றவளைப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகம். என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாரு எல்ஸிக்கா. கடைசி முப்பது வருஷம் அவங்க தலையில இல்லியாம். அவங்களுக்கு நான் இன்னும் பத்தொம்பது வயசு பொண்ணு. அந்த விமலாவத்தான் தேடுறாங்க. நான் போனா மாமியா வந்து நிக்குது."

தலைக்குச் சாயம் அடித்துப் பார்த்திருக்கிறாள். இரட்டைச் சடை போட்டு, பாவாடை சட்டை மாட்டிக்கொண்டும் போய் நின்றிருக்கிறாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

"கோடு போனா போதும்லா. இந்த ரெண்டு கோடும் வாயோரமும். என் கையால ஒரு வாய் சோறு வாங்கிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கிளினிக்குக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் ஜெனட் நிதானமான பெண். முதலில் புருவ நடுவில் ஊசி மருந்து, அது அந்தத் தசையை அசையவிடாமல் செய்யும், கோடு மறையும். இரண்டு வாரம் கழித்து முகம் முழுக்கப் பொடி ஊசி, அது தோலை இறுக்கும். இரண்டும் சேர்ந்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் பத்தொன்பது வயதெல்லாம் ஆகாது என்று அவர் சொன்னார். விமலா தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது "வித்தியாசம் தெரியும்" என்பது மட்டும்தான்.

பத்தாம் நாள் கோடு இல்லை. நிஜமாகவே இல்லை, நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விமலா தட்டில் சோறும் மீனும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நல்லம்மாள் தலையை மூடவில்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு பாப்பா அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னார்.

"அத்தை இன்னிக்குக் கோவத்தைக் காட்ட மாட்டேங்குறாங்க. உள்ள வெச்சிருக்காங்க. நீ போனதும் அடிப்பாங்க."

விமலா அழுதாள். கண்ணீர் கொட்டியது, நெற்றி மட்டும் இஸ்திரி போட்ட துணி மாதிரி அசையாமல் இருந்தது. அதைப் பார்த்து நல்லம்மாள் இன்னும் பயந்துபோனார். எனக்கு யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். போதும், நிறுத்து என்றேன். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது என்றாள்.

அந்தப் பாதியைச் செய்த சனிக்கிழமை எனக்கு மறக்காது. டாக்டர் ஜெனட் பேனா மாதிரியான கருவியை வைத்து முகம் பூராவும் குத்தினார். முடிந்தபோது முகம் சிவந்து, நெற்றியிலும் கன்னத்திலும் ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பியிருந்தது. துடைத்துவிட்டு டாக்டர் அழுத்திச் சொன்னார்: "இன்னிக்குப் பூரா மூஞ்சில எதுவும் படக்கூடாது. கிரீம் வேணாம், மஞ்சள் வேணாம், கைகூட வேணாம். ஆயிரக்கணக்கான ஓட்டை திறந்து கெடக்கு." ஓட்டை என்றால் என்னவென்று எங்களுக்கா சொல்லித் தரவேண்டும்? விபூதி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

வெயிலில் மூன்று மாடி ஏறியதில் மறுபடி ரத்தம் கசிந்தது. கதவைத் திறந்தோம். நல்லம்மாள் நாற்காலியில் இருந்தார். விமலாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, சாமி மேடையிலிருந்த விபூதி டப்பாவைத் தட்டுத் தடுமாறி எடுத்துக்கொண்டு நேராக வந்தார்.

"வேலை எடுத்துட்டாங்களாடி? ஏன் இம்புட்டு ரத்தம்? வா, இங்க வா."

எனக்குப் புரியவில்லை, விமலாவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது நல்லம்மாள் மஞ்சள் காமாலையில் சாகக் கிடந்திருக்கிறார். அம்மா பிழைத்தால் அலகு குத்திக்கொள்கிறேன் என்று விமலா நேர்ந்துகொண்டாள். அந்த வருடத் தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலில் நெற்றியிலும் நாக்கிலும் வேல். வேலை உருவியதும் விபூதியை அள்ளிக் காயத்தில் வைத்து அழுத்தியது அம்மாவின் கை. அலகு எடுத்தால் விபூதிதான் மருந்து, அந்த வீட்டில் வேறு மருந்து யாரும் கேட்டதில்லை.

நான் ஓடினேன். "ஐயோ வேணாம்மா, தொடாதீங்க! விமலா, தள்ளிப் போடி!" விமலா என்னைப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் மண்டிபோட்டு முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.

நல்லம்மாள் இரண்டு கையாலும் விபூதியை அள்ளி நெற்றி, கன்னம், தாடை என்று அப்பினார். ஊதிவிட்டார். திரும்பவும் அப்பினார்.

"வலிச்சுதா? எனக்காவ ஏண்டி குத்திக்கிட்ட விமலா?"

பெயர் சொன்னார். பதினோரு மாதத்துக்குப் பிறகு. அன்று விமலாவின் கையால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார், பாதியில் மகளுக்கும் ஒரு வாய் ஊட்டினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் நாள் விமலாவின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. சீழ், காய்ச்சல், ஒரு கண் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். டாக்டர் ஜெனட் பார்க்க வந்து, "என்ன போட்டீங்க?" என்று கேட்டார். விமலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் கண்ணில் நீர் நின்றது. இனி இந்த முகத்தில் ஊசி வைக்க மாட்டேன், வேறு யாரும் வைக்கவும் விடாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பியபோது கன்னமெல்லாம் கறுப்புத் திட்டு, பள்ளம். வயது குறைக்கப் போனவளுக்குப் பத்து வயது கூடியிருந்தது. நாலு மாதத்தில் மருந்தின் வேகம் குறைந்து நெற்றிக் கோடும் திரும்பி வந்தது. வீரம்மா முன்பைவிட முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இனி இந்த ஆபத்தே வேண்டாம் என்று அந்த விபூதி டப்பாவை எடுத்து வந்துவிட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை, அடுத்தவர் சாமி பொருள். வீட்டில் ஏசு படத்துக்குக் கீழே வைக்கவும் முடியாது, கென்னத் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். அதனால் என் கைப்பையிலேயே கிடந்தது, சீப்புக்கும் பஸ் கார்டுக்கும் நடுவில். விமலாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிறகு பாப்பா அக்கா ஆயர் தாவாருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். விமலா சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாள். தட்டை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். யாருமில்லை என்று நம்பினால் நல்லம்மாள் அவசர அவசரமாக இரண்டு வாய் திருடித் தின்பார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் போய் ஊட்டினால், என்னைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் சம்சாரம் என்று நினைத்து, "இப்பத்தான் சாப்பிட்டேங்கம்மா" என்று மரியாதையாக மறுத்துவிடுவார். கை குச்சியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், பிடுங்கி எறிந்தார். வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது கதவு திறந்துகிடந்தது. மேசையில் குழைந்த சோறு, ரசம். நல்லம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாத்ரூமுக்குள் தண்ணீர்ச் சத்தம்.

விமலா வெளியே வந்தாள். கையில் ஒரு சின்ன உருளை, சுற்றிலும் ஊசி. இணையத்தில் வாங்கியிருக்கிறாள். திட்டும் பள்ளமுமாயிருந்த அந்த முகம் பூராவும் ரத்தம் புள்ளி புள்ளியாக நின்றது.

"பைத்தியக்காரி!" உருளையைப் பிடுங்கி எறிந்தேன். "போன தடவ கண்ணு போயிருக்கும்டி! செத்துப்போவ!"

"மூணு நாளாச்சுக்கா," என்றாள். "மூணு நாளா தண்ணி மட்டுந்தான். திட்டுறதுன்னா அப்புறமா திட்டு. இப்ப நவுரு."

என் சத்தத்தில் நல்லம்மாள் திரும்பினார். எங்கிருந்து வந்ததோ அந்தத் தெம்பு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"விமலா? வேலை எடுத்தாச்சா?" கையை நீட்டிச் சாமி மேடையைத் துழாவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. "விபூதி எங்கடி? இங்கதான வெச்சிருந்தேன்? புள்ளைக்கு ரத்தம் வருதே. விபூதி எங்க?"

விமலா வெறும் மேடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

கிழவியின் குரல் உடைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் தேடுவதே மறந்துபோகும், எதிரே வீரம்மாதான் நிற்பாள். ஓட்டை இருந்தால் தள்ளிவிட வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஆனாலும் நான் கைப்பையைத் திறந்தேன். அவசரத்தில் சீப்பு கீழே விழுந்தது. டப்பாவின் மூடியைத் திருகி நல்லம்மாளின் மடியில் வைத்தேன்.

அவர் அள்ளி அள்ளிப் பூசினார். விமலா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தபடி இருந்தாள், ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு சோற்றுத் தட்டைத் தேடியது. நான் தட்டை எடுத்து அந்தக் கையில் கொடுத்தேன்.

ஐந்து வாய் சாப்பிட்டார். நான் எண்ணினேன்.