மெரிங்கா ஏரியில் ஒரு விசில்

மெரிங்கா ஏரிக்கரைக் காட்டில் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்குத் தேடல் நடை நடத்துகிறவள் நோரெல். காலி முட்டை அட்டைதான் கூடை. ஒரு குழிக்கு ஒரு பொருள்: யூகலிப்டஸ் காய், உரிந்த பட்டை, ஓட்டை விழுந்த இலை. கீழே கிடப்பதை மட்டும்தான் எடுக்கலாம். மரத்தில் இருப்பதைப் பறித்தால் நோரெல் வாய் திறக்கமாட்டாள், ஒரு முறை முறைப்பாள். எப்பேர்ப்பட்ட வாலும் சுருண்டுவிடும்.

அங்கே ஜூலைதான் குளிர்காலம். அந்த ஜூலையில் வந்தவர்கள் வெளியார் இல்லை. அவள் கணவன் டெஸ்ஸின் தம்பி கேவினும் அவன் மகள் இண்டியும். போன குளிர்காலத்தில் டெஸ் மீன்பிடிக்கப் போன தகரப் படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து அண்ணியை மெல்போர்னுக்குக் கூப்பிட்டுக்கூப்பிட்டு கேவினுக்கு அலுத்துவிட்டது. அவள் பிடிகொடுக்கவில்லை. காரணத்தை இன்று காட்டிவிடுவது என்று இருந்தாள். கடைசிக் குழிக்கு அவள் கேட்டதே ஒரு தினுசாக இருந்தது: தெரிந்த குரல் ஒன்று.

"குரல எப்படி பெரியம்மா அட்டைக்குள்ள போடறது?"

"கேட்ட உடனே டப்புனு மூடிடு. உள்ள மாட்டிக்கும்."

"புளுகு!"

"வக்கீல் மாதிரி குறுக்க குறுக்க பேசாம நட."

கேவின் பின்னாலிருந்து ஆரம்பித்தான். "அண்ணி, கார காலியா கொண்டாந்திருக்கேன். இன்னிக்கே கிளம்பிடலாம். தனியா இந்த ஏரியப் பாத்துட்டு எத்தன நாள் உக்காந்திருப்பீங்க?"

"மொதல்ல நட. அப்புறம் நீயே கூப்பிடமாட்ட."

பெரணிப் புதர்கள் அடர்ந்த சரிவுக்கு வந்ததும் நோரெல் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே லயர் பறவை சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்கிற ஜென்மம் அது. முதலில், மனுஷன் மாதிரி சிரிக்கிற கூக்கபராப் பறவை போலச் சிரித்தது. கிளி மாதிரி கத்தியது. அப்புறம், ஆள் இல்லாத காட்டுக்குள்ளிருந்து, மனுஷன் அடிக்கிற நீள விசில் வந்தது. இண்டி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நோரெல் இரண்டு விரலை வாயில் வைத்துப் பதில் விசில் அடித்தாள். பறவை மறுபடி அடித்தது. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"கேட்டியா? நாயக் கூப்பிட உங்கண்ணன் அடிப்பாரே, அதேதான். அவர் இருந்தப்ப கத்துக்கிட்டது. காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் வந்து பேசிட்டுப் போறேன். அவர இங்க விட்டுட்டு நான் எங்க வர?"

கேவினுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவனுக்கு அது வராது.

"அண்ணி, அண்ணன் விசில் கடைசில மேல ஏறும். இது இறங்குது. உங்களுக்குத்தான் அப்படி இறங்கும். பஞ்சரான டயருன்னு அவனே ஓட்டுவான், மறந்துட்டீங்களா? இது நீங்க. நீங்க அடிக்கிறதக் கேட்டுத்தான் அது கத்துக்கிட்டிருக்கு."

"எம்புருஷன் விசில் எனக்குத் தெரியாதா?"

"இருங்க, அடிச்சுக் காட்டறேன்."

அடித்தான். விசில் ஏறி, ஏரியைத் தாண்டிப் போனது. இண்டி டப்பென்று அட்டையை மூடினாள்.

நோரெல் மனசுக்குள் தேடினாள். ஒன்றும் அசையவில்லை. யாரோ வழிப்போக்கன் தன் நாயைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இந்த ஒரு வருஷமாகத் தன் விசிலையே கேட்டுக்கேட்டு டெஸ்ஸுடையதைத் தொலைத்திருந்தாள். ஏரி விட்டுவைத்ததை அவள் வாயே அழித்துவிட்டது. டெஸ் போன அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

புதருக்குள் பறவை மறுபடி அடித்தது. கடைசியில் இறங்கியது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அது ஓய்ந்ததும், "திரும்ப அடி, கேவின்," என்றாள்.

அடித்தான்.

"இன்னொரு தடவ."

"வாய் காஞ்சு போச்சு அண்ணி."

"தண்ணியக் குடி. கார்லயும் அடிச்சுக்கிட்டே வா. மெல்போர்ன் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு அவர் விசில் ஞாபகம் வந்தாகணும்."