ஜெசிந்தா டீச்சர் வேண்டாம் என்ற கிட்டார்

போன செவ்வாய்க்கிழமை காலை, நம் பள்ளியின் பழைய ஆசிரியைகள் வாட்ஸ்அப் குழுவில் ஜெசிந்தாவின் படத்தைப் போட்டு, அதன் கீழே இரண்டு கைகூப்பும் பொம்மைகளையும் போட்டிருந்தார்கள். என்ன, ஏது என்று ஒரு வரி கிடையாது. பிறந்தநாளோ என்று நினைத்து வாழ்த்து எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன். அதற்குள் தூத்துக்குடியிலிருந்து அவள் தம்பி போன் செய்தார். இரவே அவள் போய்விட்டாளாம். எட்டு மாதமாகவே உடம்புக்கு முடியவில்லையாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாளாம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் அந்த 'யாரிடமும்' என்ற சொல்லுக்குள் நானும் ஒருத்தி ஆகிவிட்டேனே என்ற எரிச்சல்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். கடற்கரை ஊர்க்காரி. கப்பலில் வேலை பார்த்த அப்பாவிடம் சின்ன வயதிலேயே கிட்டார் கற்றவள். கட்டைவிரல் கீழ்ச்சுருதிக் கம்பிகளில் நிதானமாக நடந்துகொண்டிருக்கும். மற்ற விரல்கள் ஒவ்வொரு கம்பியாக எடுத்துப் பாட்டை வாசிக்கும். நான் ஆசிரியப் பயிற்சி விடுதியில் நான்கு 'கார்டு' பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஆறு கம்பியையும் சேர்த்து மேலும் கீழும் வீசி அடிக்கிறவள். தொண்ணூறுகளின் நடுவில் பள்ளி ஆர்மோனியம் உயிரை விட்டபோது தலைமையாசிரியை சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆண்டு விழாவுக்குள்ள ஒரு கிட்டார் வாங்குங்க. ரெண்டு பேரும் வாசிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். எங்கள் தொல்லை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது.

முதலில் நம் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் சேலையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "யாருக்கு டீச்சர், மவனுக்கா?" என்றார்.

"எங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

அவர் நம்பாமலேயே, பளபளவென்று பெரிய வயிற்றோடு தொங்கிய கறுப்புக் கிட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் வீசி அடித்தேன். கடை அதிர்ந்தது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஜெசிந்தா அதை வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று அதன் நீளத்துக்கும் பார்த்தாள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி ஒலிக்கவிட்டாள். மடியில் வைத்தாள், அதன் மேல்விளிம்பு அவள் தோளைத் தூக்கியது. கால் மணி நேரமானதும் கடைக்காரர் பொறுமை இழந்தார். "என்ன டீச்சர், மாப்ள பாக்க வந்த மாதிரில்லா பாக்கிய!"

"மாப்ளைன்னா இவ்வளவு பாக்க விடுவாங்களா அண்ணாச்சி?" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "கம்பி கழுத்துலேருந்து ரொம்ப மேல நிக்கி. நீ அடிச்சா சத்தம் வரும். விரலால எடுத்து வாசிக்கவ கை செத்துரும். வேண்டாம்ட்டி."

அடுத்த சனிக்கிழமை ஜங்ஷன் பக்கம் இன்னொரு கடை. அங்கே சின்ன உடம்பும் சற்று அகலமான கழுத்துமாக ஒரு கிட்டார் இருந்தது. ஜெசிந்தா அதில் வாசித்தபோது கடைப் பையன்கூடத் துடைப்பதை நிறுத்திவிட்டான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்தது. அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவளோ கிட்டாரை என் கையில் கொடுத்து, "நீ அடி" என்று சொல்லிவிட்டு வெளியே போய், பஸ்கள் போகும் ரோட்டோரத்தில் நின்றாள். நான் என் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கேக்கலை. முந்நூறு பிள்ளைய சேந்து பாடுனா இதுவா கேக்கும்?"

"உனக்குப் பிடிச்சிருக்குல்லா, வாங்கிருவோமே."

"எனக்கா வாங்குதோம்? பள்ளிக்கூடத்துக்குல்லா வாங்குதோம்" என்று அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டாள்.

பெருந்தன்மை என்று இன்று சொல்லலாம். அன்று எனக்குத் தலை வெடித்தது. இதற்குப் பிறகு மதுரைக்கும் ஒரு தடவை போய் வெறுங்கையோடு வந்தோம். ஒன்றில் கழுத்து வளைந்திருந்தது, ஒன்றில் ஒரு கம்பி இரைந்தது, ஒன்றுக்கு விரல் கொள்ளாத ஒல்லிக் கழுத்து. ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. பிள்ளைகள் கிட்டார் இல்லாமலே பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் வராந்தாவில் என்னைக் கண்டாலே, "என்னாச்சு கோமதி?" என்பார். ஜெசிந்தாவிடம் கேட்டால், "வாங்குறது ஒரு நாளு. வாசிக்கது எத்தன வருசம்? பைய பாப்போம்" என்பாள். அந்தப் 'பைய' என்ற சொல்லே எனக்கு வேம்பாகிவிட்டது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வியாழக்கிழமை ஜெசிந்தா லீவு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் காரணம் சொல்லாமல் மதியத்துக்கு மேல் அனுமதி வாங்கிக்கொண்டு தனியாக வண்ணார்பேட்டைக்குப் போய், அவள் வேண்டாம் என்ற அதே கறுப்புக் கிட்டாரை வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து இசை அறையில் வைத்துவிட்டேன். மறுநாள் அவள் உறையைத் திறந்து பார்த்தாள். சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கம்பிகளை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். "பெல் அடிச்சாச்சு, வகுப்புக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆண்டு விழாவில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பாட்டு அவளுடைய விரல் வாசிப்பில்தான் தொடங்க வேண்டும். உயர்ந்து நின்ற அந்தக் கம்பிகளோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியதில் அவள் இடதுகை விரல்நுனிகள் ஏற்கெனவே புண்ணாகியிருந்தன. முதல் நான்கு சுரங்களில் இரண்டு ஒலிக்கவே இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு சுருதியிலும் மீதிப் பேர் இன்னொரு சுருதியிலும் தொடங்கினார்கள். பெற்றோர்கள் சிரித்தார்கள். அவள் நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே கதை. கடைசியில் நான் கிட்டாரை வாங்கி வீசி அடித்துப் பாட்டை ஒப்பேற்றினேன். எனக்குக் கைதட்டல் வேறு கிடைத்தது.

விழா முடிந்ததும் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ரெண்டு மாசம் தேடி இதையா வாங்கினீங்க? யார் பாத்து எடுத்தது?"

நான் குனிந்து கிட்டாரை உறைக்குள் போடத் தொடங்கினேன். ஜெசிந்தாதான் சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சிஸ்டர்."

ரெண்டு பேரும் என்றால், நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து ஆசிரியைகள் அறையில் அது அவள் கதையாகிவிட்டது. யாராவது காய்கறியைப் புரட்டிப் பார்த்தால்கூட, "ஜெசிந்தா டீச்சர் கிட்டார் வாங்கின மாதிரி" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் அறிவியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கிட்டாரின் வயிற்றுப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்ன வெள்ளைப் பட்டையைக் கழற்றி, கம்பிகள் தாழ்ந்து இறங்கும்படி உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். தேய்ப்பது, மாட்டுவது, என்னை அடிக்கச் சொல்வது, தான் வாசிப்பது, மறுபடி கழற்றுவது. இரண்டு நாள் இப்படிப் போனது. "வாங்கியாச்சுல்லா. இனி இத நல்லதாக்க வேண்டியதுதான்" என்றாள். அதன் பிறகு இருவருமே அதில் வாசிக்க முடிந்தது. அந்த வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவள் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன நாளில், பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். "ஏன் நீ அன்னைக்கு உண்மையச் சொல்லல?"

"சொல்லி என்ன ஆவப்போவுது? ஏசுனா நீ மூணு நாளு சோறு திங்க மாட்ட. நான் தின்னுருவேன்" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இப்படி ஒருத்தி விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் நிற்பவள் என்னதான் செய்வது? மன்னிப்புக் கேட்கக்கூட இடம் வைக்காமல் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனில் பேசினோம். நான் அந்தப் பேச்சை எடுத்தால், "வேற ஏதும் சொல்லு" என்பாள். நானும் வசதியாக வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நம் பழைய ஆசிரியைகள் நான்கைந்து பேர். துக்க வீட்டில் ஏதாவது பேச வேண்டுமே என்று ஒருவர் அந்தக் கிட்டார் கதையை எடுத்தார். "ரெண்டு மாசம் தேடி, ஒண்ணுத்துக்கும் ஆவாதத வாங்கிட்டு வந்தா, பாவம்" என்றார். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். அவள் தம்பியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் பங்குச் சாமியார் வந்துவிட்டார், ஜெபம் தொடங்கிவிட்டது. சாமியாரைச் சாக்குச் சொல்ல மாட்டேன். ஜெபம் முடிந்த பிறகும் நான் சொல்லவில்லை.

அவள் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. இருப்பது அவள் பெயரில் நான் ஏற்றிவிட்ட பழி ஒன்றுதான். அதை இனி நானே வைத்துக்கொள்கிறேன். அவள் தம்பிக்கும் இதன் பிரதி ஒன்றை அனுப்புகிறேன். அந்தக் கறுப்புக் கிட்டாரைத் தேர்ந்தெடுத்ததும் வாங்கியதும் நான் மட்டும்தான். ஜெசிந்தா அன்று லீவில் இருந்தாள்.