இடமிருந்து வலம்

லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் பனிமூட்டம். பக்கத்தில் மப்ளர் சுற்றிய பெரியவர் தமிழ் வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். மேலிருந்து கீழ் எல்லாம் முடிந்துவிட்டது. இடமிருந்து வலம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. 'போர்ச்சுகீசியர் தந்த சொல். காற்று வரும் வழி' என்றொரு குறிப்பு. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஜன்னல், சார்."

"தெரியும். குறுக்கே வர்றதெல்லாம் என் ஆத்துக்காரி போடறது. மெட்ராஸ்ல பொண்ணோட இருக்கா. டில்லிக்கு இனிமே வரலைங்கறா."

"அப்ப நீங்களே போட்டுடலாமே?"

"அச்சா! போட்டுட்டா, அவ வரமாட்டான்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடாதா?" சிரிக்கிறார். "உங்காத்துல எல்லாரும் எங்கே இருக்கா?"

"பஸ் வந்துடுச்சு சார்" என்று ஏறிவிடுகிறேன். கரோல் பாக் பஸ். நான் போக வேண்டியது சாணக்யபுரிக்கு.