கர்ப்பப்பைக்கு இன்சூரன்ஸ் உண்டா?

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரம்மா கையுறை மாட்டுவதற்கு முன்னால் நான் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டாக வேண்டும். அதுதான் எங்கள் தொழில். ஆவடிப் பக்கம் ஒரு சின்ன மகளிர் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் மேஜை என்னுடையது. கார்டை நீட்டிவிட்டு, "அப்ரூவல் வந்துச்சா?" என்று அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நம் இருவருக்கும் ஒரே வியாதிதான், உட்காருங்கள்.

லேடீஸ் மேட்டர்

கோவில்பதாகை ஆட்டோக்காரர் ஒருவர், மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "என்ன பிரச்சனைண்ணே?" என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "லேடீஸ் மேட்டர் மேடம்" என்று கிசுகிசுத்தார். அப்படி எழுதினால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எந்த இடத்தில் ஆபரேஷன் என்று சொல்லுங்கள் என்றேன். "இன்னா மேடம் இவ்ளோ சத்தமா கேக்கிறீங்க? ஆளுங்க கீறாங்க" என்றார், முகமெல்லாம் வியர்க்க. பேப்பரைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 'வயிற்றுக்குக் கீழே' என்று எழுதி, அதையும் கையால் மறைத்துக்கொண்டே கொடுத்தார்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "கர்ப்பப்பைனு சொல்லேன்யா! நீ இன்னா ஆட்டோலயா பொறந்த?"

எந்தப் பக்கம்?

கர்ப்பப்பைக்குள் வளர்ந்த சின்னச் சதையை எடுக்க ஒரு டீச்சர் வந்திருந்தார். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. "காபி வாசனையாவது காட்டுங்களேன்" என்று நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்ரூவல் வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், இளம் குரல் ஒன்று பணிவாகச் சொன்னது: "மேடம், ஆபரேஷன் இடது பக்கமா, வலது பக்கமானு நீங்க குறிப்பிடல."

கண், முழங்கால் என்றால் கேட்கலாம். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஆண்டவன் ஒண்ணுதான் குடுத்திருக்கான், அதையும் நடுவுல வெச்சிருக்கான்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தத் தம்பி, உண்மையான வருத்தத்தோடு சொன்னான்: "சாரி மேடம், சிஸ்டம்ல நடுன்னு ஒரு ஆப்ஷனே இல்ல."

ஒரு வார்த்தை

எல்லா நாளும் சிரிப்பாகவே போய்விடாது. அயனம்பாக்கம் அபார்ட்மென்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்றாவது மாதத்தில் கருவின் துடிப்பு நின்றுவிட்டது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தோம். வீட்டுக்குக் கிளம்பும்போது கணவர் மருந்து வாங்கப் போக, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியார் டிஸ்சார்ஜ் பேப்பரைப் புரட்டினார். அதில் 'மிஸ்டு அபார்ஷன்' என்றிருந்தது. முகம் சிவக்க என் மேஜைக்கு வந்தார். "இவளாத்தான் கலைச்சாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" அந்தப் பெண் காதில் எல்லாம் விழுந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா நின்னுபோன கருவுக்கும் டாக்டருங்க அந்தப் பேர்தாம்மா எழுதுவாங்க. அவங்க எதுவும் பண்ணல" என்றேன். அம்மாள் பேப்பரை என் மேஜையில் வைத்தார். பிறகு போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அவள் முதுகைத் தடவியபடியே அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கு எழுத இந்த டாக்டர்மாருக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?"

தம்பி பாப்பா

பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கும் ரஹ்மத் அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்துத் திடீரென்று ரத்தப்போக்கு. கேன்சரா என்று பார்க்க, உள்ளிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காலையிலிருந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடைய பாலிசி. அவன் போனுக்கு மெசேஜ் வந்தது. பதறியபடி சத்தமாகவே படித்துவிட்டான்: "பெற்றோருக்குப் பிரசவச் செலவு கிடையாது." 'கர்ப்பப்பை' என்பதைப் பார்த்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியில் யாரோ பிரசவக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்! ரஹ்மத் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டாக்டரம்மா கடிதம் எழுதி, அப்ரூவல் வாங்கி, ஒருவழியாகத் திசு எடுத்தாயிற்று. ரிசல்ட் வந்த அன்று மகன் டாக்டர் அறையிலிருந்து ஓடிவந்து, "அம்மா, ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணுமே இல்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப உனக்குத் தம்பியும் இல்ல, போ."

ஆபரேஷன் என்னவோ மைனர்தான். அதை வீட்டுக்காரர், மாமியார், மகன், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லோருக்கும் புரியவைப்பதுதான் இந்த ஊரில் மேஜர் ஆபரேஷன்.