அண்ணா பார்க்காத கடைசி ஆட்டம்

அண்ணா அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடிய மூன்று வருடமும், அவர் அங்கே என்ஜினியரிங் படிக்கிறார் என்று சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அண்ணன் பந்தெறிகிறார் என்று சொல்ல எனக்கு வெட்கம். கீழ்நிலை லீக்குகளில் அணி அடிக்கடி மாறும். நானும் ஒவ்வொரு முறையும் புது ஊரின் பெயரைச் சொன்னேன். கடைசியில் சிட்னிப் பெரியம்மா தொலைபேசியில் கேட்டார்: "என்ன தம்பி, கொண்ணன் எத்தினை கம்பஸ்தான் மாறுவான்? பாஸ் பண்ணுறானோ இல்லையோ?"

பெரியம்மா, இத்தனை வருடம் கழித்தாவது மன்னியுங்கள்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய ஒன்பதாவது வயதில் குடும்பமாக மெல்பேர்ன் வந்தோம். பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காமல் பக்கத்து மைதானத்துக்குப் போனார். அங்கிருந்த பேஸ்போல் பயிற்சியாளருக்கு அவருடைய வலது கை பிடித்துப்போனது. அந்தக் கைதான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. திருப்பி அனுப்பியதும் அதுதான். ஒரு ஆட்டத்தில் வலியோடு எறிந்துகொண்டே இருந்திருக்கிறார். போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முழங்கையில் தசைநார் கிழிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார்.

"பட்டம் எங்க அண்ணா?" என்று விமானநிலையத்தில் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பகலில் களஞ்சியசாலையில் வேலை, பின்னேரங்களில் மெல்பேர்னின் ரோவில் பக்கத்துப் பேஸ்போல் கிளப் ஒன்றில் பயிற்சியாளர். இப்படியே இருபது வருடத்துக்கு மேல். தன் அணியில் பந்தெறிகிறவர் எறிகிற ஒவ்வொரு பந்தையும் எண்ணுவார். தான் வைத்த அளவு வந்ததும், வெல்லுகிற ஆட்டமென்றாலும் ஆளை வெளியே எடுத்துவிடுவார். ஒருமுறை அதனாலேயே தோற்றார்கள். வெளியே எடுக்கப்பட்ட தச்சுவேலைக்காரர் தொப்பியை நிலத்தில் அடித்துவிட்டுப் போனார்.

"வெண்டிருக்கலாமே அண்ணா?"

"திங்கக்கிழமை அவன் சுத்தியல் பிடிக்கோணும். உனக்கு உது விளங்காது, பேசாம இரு."

சென்ற வருடம் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கீமோ அவரைப் பாதியாக்கியது. பருவத்தின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. அன்று காலையிலேயே அண்ணா அணியின் சீருடையைப் போட்டுவிட்டார்.

"என்னைக் கொண்டுபோய் பெஞ்சில இருத்திவிடு. ரெண்டு இன்னிங்ஸ் பாத்தாலே காணும்."

"சனத்துக்க போகவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ. கிருமி தொத்தினா? அடுத்த கிழமை பாப்பம்."

"அடுத்த கிழமை மேட்ச் இல்லையடா."

அண்ணாவின் மகள் கூட்டிப்போகத் தயாராக நின்றார். நான் கார்த் திறப்பை எடுத்து என் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணா அந்தச் சீருடையோடு பின்னேரம் வரை கதிரையில் இருந்தார். ஆட்டம் முடிந்திருக்கும் நேரத்தில் தொப்பியைத் தானே கழற்றினார். செவ்வாய்க்கிழமை எங்களை விட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், அந்தத் தச்சர் உட்பட பெட்டியைத் தோளில் சுமந்த அணியினருக்கும், இரவு பகலாகக் கண் துஞ்சாத அண்ணிக்கும் எங்கள் நன்றி.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடம், "கடைசிவரைக்கும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்த அண்ணாவின் மகள் என் முன்னால் நின்றார்.

"சித்தப்பா, சாகிறதுக்கு அப்பா பயப்படேல்ல, நீங்கதான் பயந்தனீங்க. ஆளை மறிச்சு வச்சுப்போட்டு, பாத்தனான் எண்டு சொல்லாதேங்கோ."