ஆமென் சொல்ல ஆளில்லாத அறை

செக்கர் அக்கா ஜெபிக்க எழுந்தால் சபையில் பாதிப் பேர் கண்ணை மூடுவார்கள். மீதிப் பேர் இந்த வாரம் என்ன செய்தோம் என்று அவசரமாக யோசிப்பார்கள். அவருடைய ஜெபத்துக்கு அப்படியொரு பெயர்.

பிழைப்புக்கு அவர் பார்த்தது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டை அவர் மேசைக்கு வரும். காலர், பொத்தான் பட்டை, கை, பக்கத் தையல் என்று கண் ஒரு ஓட்டம் ஓடும். பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நூல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். நன்றாகத் தைத்த இடத்தைக் காட்டுவதற்கு அந்தத் தொழிற்சாலையில் ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

சாயங்காலம் அவர் மேசையை விட்டு எழுந்து வருவார்; வேலை விடாது, கூடவே வரும். மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காத வீட்டில் நின்று, "கிருபையுள்ள பரம பிதாவே, இந்த வீட்டுப் பெண்மக்களுக்கு அதிகாலையில் எழும் உற்சாகத்தையும் பெரியவர்களுக்கு நாவடக்கத்தையும் தாரும்" என்று ஜெபிப்பார். முதல் பாதிக்கு மாமியாரும் இரண்டாம் பாதிக்கு மருமகளும் ஆமென் சொல்வார்கள். எல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழ். எங்கே குரலை உயர்த்தி எங்கே இறக்குவது என்பதெல்லாம் கைவந்த கலை. அவர் ஜெபத்தில் ஒரு பொய்கூட இருந்ததில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். மருமகன் கப்பலில் வேலை பார்த்ததால், வயிற்றுப் பிள்ளையோடு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை வளர வளர இரத்த அழுத்தமும் கூடவே ஏறியது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றார் மருத்துவர். அன்றிலிருந்து செக்கர் அக்கா தினமும் மாலை அந்தக் கட்டிலருகில் நின்று ஜெபித்தார்.

"ஆண்டவரே, உமது மகள் உப்பைக் குறைக்கவும், கைபேசியைக் கீழே வைக்கவும், இடது பக்கம் சாய்ந்து படுக்கவும், மருத்துவர் சொல்வதை ஏற்கும் செவியை அவளுக்கு…"

மகள் கண்ணைத் திறந்தாள். "அம்மா, நிறுத்து."

"ஜெபத்துக்கு நடுவுலயாடி?"

"இதுவா ஜெபம்? கடவுளை நடுவுல நிறுத்தி வெச்சு என்னைத் திட்டுற. நேரா திட்டினா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிடுவேன். இப்படித் திட்டினா ஆமென்தான் சொல்லியாகணும்."

"நான் கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் அங்கே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சொன்ன கையோடு வெளியே நழுவிவிட்டார்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதம்மா. சோறு போடு, மாத்திரை குடு, அது போதும். நீ ஜெபம் பண்ணா எனக்கு பிரஷர் ஏறுது."

அதற்கு மருத்துவமும் சாட்சி சொல்லும் போலிருந்தது. செக்கர் அக்கா வாயை மூடிக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய். பெற்ற பிள்ளையின் கட்டிலருகே மட்டும் அதற்கு இடமில்லை.

மறுநாள் பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் அவரைவிட இளையவர்; அக்காவின் ஜெபத்தில் ஒன்றிரண்டு அம்புகளை வாங்கிய அனுபவமும் உள்ளவர்.

"பிள்ளை ஜெபம் வேண்டாங்குறா பாஸ்டர். விசுவாசத்துல எங்கயோ ஓட்டை."

"அவ முன்னாடிதானே வேண்டாம்னா? தனியா பண்ணுங்களேன்க்கா."

"தனியாவா? யாரு கேப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பாஸ்டர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேக்க வேண்டியவர் கேப்பார்க்கா" என்றார், முகத்தைச் சரிசெய்துகொண்டு.

வீடு வரும்வரை அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. வேலையில் பிசகு கண்டால் விட மாட்டார். இது தன்னுடைய பிசகு என்பதற்காக விட்டுவிடுகிற ஆளும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாமான் அறை இருந்தது. உடைந்த மின்விசிறியையும் பழைய பெட்டிகளையும் ஒருபக்கமாக ஒதுக்கி, ஒரு முக்காலியைப் போட்டார். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவே. அந்தக் கதவுக்கு மட்டும் பூட்டு இல்லை. ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் காலையில் வழக்கம்போலக் கணீரென்று தொடங்கினார். நல்ல வாக்கியம் ஒன்றை முடித்துவிட்டு நிறுத்தினார். எதற்கு நிறுத்தினோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆமெனுக்காக நின்றிருக்கிறார். மின்விசிறி ஆமென் சொல்லவில்லை.

அப்போது கதவுக்கு வெளியே, "ஆமென்" என்றார் வீட்டுக்காரர். பல் துலக்கப் போகிற வழியில், பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு ஜெபம் பிரமாதமாக ஓடியது. சொல் மீது சொல்லாக வந்து விழுந்தது. "இந்த வீட்டின் தலைவருக்கு, நனைந்த துண்டைக் கொடியில் உலர்த்துகிற ஞானத்தை…" என்று போய்க்கொண்டிருந்தபோது செக்கர் அக்கா தம்மைக் கையும் களவுமாகப் பிடித்தார். முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. ஆண்டவர் எந்தப் பக்கம் இருந்தாரோ, கட்டாயம் அந்தத் துண்டின் பக்கம் இல்லை.

வாயைத் திறந்தால்தானே வம்பு? மறுநாளிலிருந்து சத்தமில்லாமல் ஜெபிப்பது என்று முடிவுசெய்தார். அது அதைவிட மோசம். வாய் மூடியதும் மனம் தொழிற்சாலைக்குப் போனது. காலர் காலராக வந்தது. ஒருநாள் தூங்கியே போனார். முக்காலியிலிருந்து சரிந்து மின்விசிறி இறக்கையில் இடித்துக்கொண்டார்.

"என்னம்மா நெத்தியில?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இடது பக்கம்…" என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார்.

வீட்டுக்காரர் தனியாகப் பிடித்துக் கேட்டார். "எதுக்கு இந்தப் பாடு? அந்தப் புழுக்கத்துல உக்காந்து என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல."

"அப்புறம்?"

"கிடைக்கிற வரைக்கும் உக்காருவேன்."

வீட்டுக்காரர் அதோடு விட்டுவிட்டார். நடுவழியில் நின்ற லிஃப்டோடு அவர் போராடி ஜெயித்திருக்கிறார். இந்தத் தொனியோடு ஜெயித்ததில்லை. கதவுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பல் துலக்கப் போக ஆரம்பித்தார். அவரால் முடிந்த தியாகம்.

ஒரு காலையில் செக்கர் அக்கா ஒரு உபாயம் செய்தார். அடுத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ஜெபிப்பது. மகள் பெயர்கூட வரக் கூடாது. தம் மேசைக்கு வந்த சட்டையைத் திருப்புவதுபோலத் தம்மைத் திருப்பிப் பார்ப்பது. முக்காலியில் உட்கார்ந்தார். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. எழுந்துவிடலாம் என்று தோன்றியது, எழவில்லை.

அப்போது அடியிலிருந்து ஒன்று மேலே வந்தது.

இந்த மகள் பிறப்பதற்கு முன்னே அவருக்கு ஒரு பிள்ளை உண்டாகியிருந்தது. ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் செக்கர் அக்கா நின்று, பிள்ளையை எடுத்துக்கொண்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தார். கேட்டவர்கள் அழுதார்கள். அவர் அழவில்லை. சபையில் அந்த ஜெபத்தை இன்றும் சிலாகிப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு கூப்பிட ஆரம்பித்தார்கள். அத்தனை அழகாக நன்றி சொன்னவர், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மகளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"ஏன் எடுத்தீங்க?" என்றார்.

எழுத்துத் தமிழ் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் துண்டைப் பற்றிக் கேட்கிற அதே பேச்சு. "எனக்கு அன்னிக்கு உங்க மேல கோபம். இன்னும் போகல." சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். பதில் வரவில்லை. ஆனால் முதன்முறையாக, எதிரே ஒருவர் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஆமென் சொல்ல மறந்து எழுந்து போனார்.

அன்று தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, மத்தியானம் வரைக்கும் ஒரு பீஸ்கூட திரும்பிப் போகல? காய்ச்சலா?"

"நல்லா தைச்சிருக்காங்கடா."

"அப்ப காய்ச்சல்தான்."

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில காலைகளில் காலர்கள்தான் வந்தன. சில காலைகளில் கோபம். ஒன்றிரண்டு காலைகளில் எதுவும் பேசத் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. எது வந்தாலும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். மனநிலை வந்தால் ஜெபிப்பது என்பது, மனநிலை வந்தால் வேலைக்குப் போவதுபோல என்று அவருக்குப் பட்டது. சம்பளம் எப்போது வரும் என்பது வேறு கணக்கு.

ஒரு பகல் மகளுக்குப் பார்வை மங்கியது. மருத்துவமனையில், காத்திருக்க முடியாது, பிள்ளையை உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சபையிலிருந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிலருகே ஜெபித்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்கள். செக்கர் அக்கா மகளின் காலுக்குப் போர்வை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் பண்ணிட்டாங்க. நீதான் பண்ணல" என்றாள் மகள்.

"நீதானடி வேண்டாம்னே."

"இப்ப பண்ணு. சத்தமா. எனக்குக் கேக்கணும்."

செக்கர் அக்கா அவள் கையைப் பிடித்தார். கண்ணை மூடவில்லை. வழக்கமான வார்த்தைகள் வாசல்வரை வந்து வரிசையாக நின்றன. ஒன்றையும் உள்ளே விடவில்லை.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. போன தடவை உங்ககிட்ட எதுவும் கேக்காம நன்றி மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். இந்தத் தடவை கேக்குறேன். இவளையும் குடுங்க, பிள்ளையையும் குடுங்க. குடுக்கலன்னாலும் நான் உங்ககிட்டதான் வந்து அழணும். வேற எங்க போவேன்?"

மகள் அவரையே பார்த்தாள். "உனக்குமா பயம்?"

"ரொம்ப."

"எனக்கும்மா."

"எனக்குத் தெரியும். அவர்கிட்டயும் சொல்லு."

மகள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று செக்கர் அக்காவுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது சாதாரணக் காரியம் அல்ல. கட்டிலைத் தள்ள ஆட்கள் வரும்வரை அப்படியே நின்றார்.

பேத்தி பிறந்தாள். எடை கம்மி, கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். குரல் மட்டும் கம்மியில்லை, யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் பிழைத்து எழுந்து, பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை செக்கர் அக்கா சாமான் அறைப் பக்கம் போவதைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்டார், "அதான் கேட்டது கிடைச்சிருச்சே. இன்னும் எதுக்கு?"

"கேக்குறதுக்கு மட்டுமா போறேன்?"

"வேற எதுக்கு?"

நன்றி சொல்ல என்று செக்கர் அக்காவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல பதில், சபையில் எடுபடும். ஆனால் இன்னும் ஆறாத ஒரு கோபமும் உள்ளே பாக்கி இருந்தது.

"பேச்சு இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.